செவலைக்கு நாலு பங்கு

வெட்டுக்காட்டுப்பாளையத்துக்காரர்களை முட்டாள்கள் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அது தப்பு. முட்டாளுக்கு அவ்வப்போது ஒரு சந்தேகமாவது வரும். இவர்களுக்கு அதுவும் வராது.

எதையும் பங்கு பிரித்தால்தான் அந்த ஊரில் தூக்கம் வரும். கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. இவர்கள் புளியமரத்து நிழலுக்கும் முறை வைத்தவர்கள். ஒரு தடவை, தன் முறையன்று வானம் மூடிக்கொண்டதால் நிழலே விழவில்லை என்று ஒருவன் பஞ்சாயத்தைக் கூட்டினான். பஞ்சாயத்தும் நியாயம் விசாரித்து, அடுத்தவன் நிழலில் பாதியை அவனுக்கு எழுதிக் கொடுத்தது.

இப்படிப்பட்ட ஊரில்தான் கால்நடை டாக்டரம்மா வந்து மாடுகளுக்கான முதலுதவிப் பயிற்சி நடத்தினார். அவரைக் குறை சொல்ல முடியாது. மேலிடத்து உத்தரவு. பால் சொசைட்டியில் கூட்டம் போட்டு, கோமாரி, மடிவீக்கம், வயிற்று உப்புசம், சப்பை நோய், பால் காய்ச்சல் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். இலவச டீ தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது. மிச்சம் உட்கார்ந்திருந்தவர்கள் நான்கு பேர். ராக்கியப்பன், சென்னியப்பன், அங்கமுத்து, நாச்சிமுத்து. அவர்களும் டீயின் மேல் நம்பிக்கை இழக்காததால்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டரம்மா அவர்களையே முதலுதவிக் குழுவாக ஆக்கிவிட்டுக் கடைசியாகச் சொன்னார்: "நோய்க்குப் பேர் வைக்கறது என் வேலை. நீங்க கண்ணால பார்த்ததை மட்டும் போன்ல சொல்லுங்க. சொந்த யோசனை எதுவும் வேண்டாம். நான் சொல்றதை மட்டும் செஞ்சாப் போதும்."

சொந்த யோசனை வேண்டாம் என்று படித்த ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அந்த நால்வருக்கும் பெரிய நிம்மதியாக இருந்தது. அதுவரை யோசித்துப் பழக்கமில்லாததைக் கொஞ்சம் குறையாகவே நினைத்து வந்தார்கள். இப்போது அதுவே தகுதியாகிவிட்டது.

குழுவுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு தெர்மாமீட்டர், பஞ்சு, கத்தரிக்கோல், புண்ணுக்குப் போடுகிற மருந்து. உப்புசத்துக்கு வயிற்றில் குத்துகிற ஊசியை மட்டும் டாக்டரம்மா தன்னிடமே வைத்துக்கொண்டார். அந்த ஒரு காரியத்தால் இன்றைக்கும் அந்த ஊரில் மாடுகள் உயிரோடு இருக்கின்றன.

பெட்டி ஒன்று, ஆள் நான்கு. அதனால் மாட்டையே பங்கு பிரித்துவிடுவது என்று முடிவாயிற்று. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். தலை ராக்கியப்பனுக்கு. வயிறு அங்கமுத்துவுக்கு. பின்பக்கம் சென்னியப்பனுக்கு, தெர்மாமீட்டர் போகிற இடம் அதுதான் என்பதால் தெர்மாமீட்டரும் அவனுக்கே. கால்கள் நாச்சிமுத்துவுக்கு. மடியைப் பற்றித் தகராறு வந்தபோது காம்பு நான்கு, ஆளும் நான்கு என்று தீர்ந்தது. கோமாரி வாயிலும் வரும், குளம்பிலும் வரும் என்பதால், அதை ராக்கியப்பனும் நாச்சிமுத்துவும் கூட்டுக் கிணறு மாதிரி வைத்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். ஒருவன் பங்கைப் பற்றி இன்னொருவன் வாய் திறக்கக் கூடாது. கொம்பில் தொடங்கி வால் வரை எதுவும் விட்டுப் போகவில்லை என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

நாச்சிமுத்துவுக்குத் தன் பங்கில் திருப்தியில்லை. ஆனால் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் எதைச் சொன்னாலும் அவன் மனைவி பாவாயி அதற்கு ஒரு பதில் வைத்திருப்பாள், அந்தப் பதில் எப்போதும் சரியாகவே இருக்கும். அது அவனுக்கு அலுத்துப் போயிருந்தது.

பாவாயியிடம் ஒரு பசு இருந்தது. செவலை. அவள் அம்மா வீட்டுச் சீதனமாக வந்தது. மூன்றாவது ஈத்து அது, ஒரு சாயங்காலம் பாவாயி பக்கத்தில் நிற்கக் கிடாரிக் கன்று போட்டது. அடுத்த நாளே காங்கயம் பக்கத்தில் அவள் அக்கா மகளுக்குச் சீர். போகாமல் இருக்க முடியாது. போகவும் மனசில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"செவலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் திரும்பி இந்த ஊட்டுக்கு வரமாட்டேன். அப்படியே எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன். அப்பறம் நீங்களே ஆக்கி நீங்களே தின்னுக்குங்க."

நாச்சிமுத்து ஆக்கினதை ஒரு தடவை அவனே தின்றிருக்கிறான்.

"இன்னொண்ணு. அந்த முதலுதவிக்காரனுக ஒருத்தனையும் மாட்டுக்கொட்டாய்க்குள்ள உடாதீங்க. ஒருத்தனையும்."

"உடமாட்டேன்" என்றான் நாச்சிமுத்து.

பஸ் போனதும் செவலைக்குத் தண்ணீர் காட்டலாம் என்று வாளியோடு கொட்டகைக்குப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டான். முதலுதவிக்காரன் ஒருவனையும் உள்ளே விடக் கூடாது. அவனும் முதலுதவிக்காரன். கட்டினவள் வார்த்தையை அவளுடைய பஸ் ஊர் எல்லை தாண்டுவதற்குள் மீறுவது நன்றாயிருக்காது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, தன்னைத் தானே உள்ளே விடாமல் வெளியே நின்று காவல் காத்தான்.

அங்கிருந்தே பார்த்ததில் செவலை சரியாக இல்லை. நின்றபடியே பின்னங்கால் நடுங்கியது. இரண்டடி தள்ளாடியது. பிறகு பொத்தென்று படுத்தது. எழ முயன்றது, முடியவில்லை. தலையை மெல்லத் திருப்பி விலாவின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை அரைகுறையாக மூடிவிட்டது. கன்று பக்கத்தில் வந்து முட்டியும் திரும்பிப் பார்க்கவில்லை. நாச்சிமுத்துவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

மூவரும் கொட்டகை வாசலில் வரிசையாக நின்று உள்ளே பார்த்தார்கள்.

"பாவாயி நம்மளை உள்ள உடக் கூடாதுன்னுட்டுப் போயிருக்குது" என்றான் நாச்சிமுத்து.

ராக்கியப்பன் குழுவின் தலைவன். தலை அவன் பங்கு என்பதால் தலைமையும் அவனுக்கே சேர்ந்தது. பாவாயிக்கு அண்ணன் முறை. "அம்மணி சொன்னதுல நாயம் இருக்குது. மாட்டுக்கொட்டாய்க்குள்ள நாம போகக் கூடாது. மாட்டையும் அந்த நெலமைல வெளிய இழுக்கக் கூடாது. அப்ப என்ன பண்றது?"

"கொட்டாயை எடுத்துரலாமுங்க மாமா" என்றான் அங்கமுத்து. அவன்தான் குழுவில் இளையவன். "கூரையும் தடுப்பும் இல்லாட்டி அது மாட்டுக்கொட்டாயே இல்லீங்களே. வெறும் எடம். வெறும் எடத்துக்கு ஆரு வேணா போலாம்."

இதில் யாருக்கும் மறுப்பு இல்லை. போன மாதம்தான் பாவாயி ஆள் வைத்து வேய்ந்த கூரை. தென்னங்கீற்றை உருவிப் போட்டார்கள், மூங்கிலைச் சாய்த்தார்கள், தடுப்புத் தட்டியை அவிழ்த்தார்கள். நாச்சிமுத்துதான் எல்லோரையும்விட வேகமாக வேலை செய்தான். அவனுக்கு எப்படியாவது செவலையிடம் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. கொட்டகை இருந்த இடம் வெறும் இடமானதும் நால்வரும் மரியாதையாக நடந்து உள்ளே போனார்கள்.

போன உடனே தகராறு.

"மாமா, உங்க தலை என்ற வயித்து மேல கெடக்குது" என்றான் அங்கமுத்து.

"மாடு வெச்சிருக்குது. நானா வெச்சேன்?"

"ஆரு வெச்சாலும் எல்லை தாண்டுனது தாண்டுனதுதானுங்க. நான் இப்ப வெலாப் பள்ளத்துல தட்டிப் பார்க்கோணும். மேளமாட்டம் சத்தம் வந்தா உப்புசம். உங்க தலை மறைச்சுட்டு இருந்தா எப்படித் தட்டறது?"

"அப்ப தலையத் தட்டு."

"தலை என்ற பங்குல வராதுங்களே."

சென்னியப்பன் நடுவில் புகுந்தான். அவன் வரப்புத் தகராறுகளில் பழம் தின்று கொட்டை போட்டவன். "இதைப் பாருங்க. ஒருத்தன் மரம் இன்னொருத்தன் காட்டுப்பக்கம் சாஞ்சா, வேரு எங்க இருக்குதோ அவனுக்குத்தான் மரம். தலை ராக்கியப்பனுக்கே. ஆனா சாஞ்சு கெடக்கற வரைக்கும் நெழலு அங்கமுத்துவுக்கு."

இருவரும் சமாதானமானார்கள். இவ்வளவு நேரமும் நாச்சிமுத்து செவலையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. சொல்லத்தான் வழியில்லை. கண் அவன் பங்கில் இல்லை.

"காலு நாலும் சில்லுன்னு இருக்குது" என்றான். தன் பங்கை வைத்து எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு. "நெம்ப சில்லுன்னு இருக்குதுங்க மாமா. டாக்டரம்மாவைக் கூப்புடுங்க."

வாய் தலையில் இருப்பதால் போனில் பேசுகிற உரிமையும் ராக்கியப்பனுக்குத்தான். கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னான். படுத்தது எந்திரிக்கலை, தலை வெலாப் பக்கம் திரும்பிக் கெடக்குது, காது சில்லுன்னு இருக்குது.

"எப்பக் கன்னு போட்டுச்சு?" என்றார் டாக்டரம்மா.

"அது என்ற பங்குல வராதுங்க. விசாரிச்சுச் சொல்றனுங்க." போனைப் பொத்திக்கொண்டு சென்னியப்பனைப் பார்த்தான்.

"எடம் என்ற பங்குதான்" என்றான் சென்னியப்பன். "ஆனா கன்னு வரும்போது நான் இங்க இல்லை. கண்ணுல பார்க்காததைச் சொல்லக் கூடாது."

"நேத்து சாயங்காலம் மாமா, நான் இங்கதான்..." என்று ஆரம்பித்தான் நாச்சிமுத்து.

"உன்ற பங்கைப் பத்திப் பேசு மாப்ளே."

நாச்சிமுத்து வாழ்க்கையில் யோசித்தது மிகக் கொஞ்சம். அதில் ஒன்று இப்போது நடந்தது. "நேத்து சாயங்காலம் சின்னதா நாலு காலு வெளிய வந்துச்சுங்க. நான் என்ற கண்ணால பார்த்தேன்."

ராக்கியப்பன் அதை அப்படியே போனில் சொன்னான்.

"சரி, கவனமாக் கேளுங்க" என்றார் டாக்டரம்மா. "இது பால் காய்ச்சல். பேருதான் காய்ச்சல், உடம்பு சில்லுன்னுதான் இருக்கும். கன்னு போட்டதும் பாலுக்குச் சத்தெல்லாம் இறங்கி, ரத்தத்துல கால்சியம் குறைஞ்சு போச்சு. ஊசி போட்டா எந்திரிச்சுரும், போடலைன்னா செத்துரும். நான் ஒரு எருமைக்குக் கன்னு எடுத்துட்டு இருக்கேன். முடிச்சதும் வர்றேன். அதுவரைக்கும் வாயில எதையும் ஊத்தாதீங்க, விழுங்க முடியாது, புரை ஏறிரும். ஒருக்களிச்சுச் சாய விடாதீங்க. ரெண்டு பக்கமும் மூட்டையைச் சமமா அண்டக் குடுத்து, நிமிர்ந்தாப்ல உட்கார வையுங்க. நல்லாக் கனமான துணியாப் பார்த்துப் போர்த்துங்க. தெர்மாமீட்டர்ல நூத்தியொண்ணு வரணும், அதையும் பார்த்துக்கங்க."

செத்துரும் என்ற சொல் மட்டும் போனிலிருந்து வெளியே கேட்டது. நாச்சிமுத்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

முதல் உத்தரவை நிறைவேற்றுவது சுலபமாக இருந்தது. "வாயில எதையும் ஊத்தக் கூடாதுன்னாங்க" என்றான் ராக்கியப்பன். "ஆரு வாயிலன்னு சொல்லலை."

"மாட்டு வாயிலயாத்தான் இருக்கும்" என்றான் நாச்சிமுத்து.

"சொந்த யோசனையா?"

நாச்சிமுத்து வெட்கப்பட்டுத் தலை குனிந்தான். அதிலிருந்து நால்வரும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. சித்திரை மாத வெயில், தலைக்கு மேல் இருந்த கூரையையும் அவர்களே பிரித்துப் போட்டிருந்தார்கள்.

இரண்டாவது உத்தரவு மூட்டை. வீட்டில் பருத்திக்கொட்டை மூட்டை இரண்டு இருந்தன. தூக்கிப் பார்த்ததில் ஒன்று பாதி தீர்ந்திருந்தது. சமமாக இருக்க வேண்டும் என்பது உத்தரவு. சென்னியப்பன் ஓடிப்போய் மளிகைக் கடை மூட்டைத் தராசை வாங்கிக்கொண்டு வந்து வேப்பங்கிளையில் கட்டினான். குறைகிற பக்கத்தில் அங்கமுத்து ஏறி உட்கார்ந்தான். இப்போது அந்தப் பக்கம் தாழ்ந்தது. துண்டை எடுக்கச் சொன்னார்கள். சட்டையை எடுக்கச் சொன்னார்கள். மூச்சை வெளியே விட்டுப் பார்க்கச் சொன்னார்கள்.

"எல்லா மூச்சையுமா?" என்றான் அங்கமுத்து.

"முள்ளு நேரா நிக்கற வரைக்கும்" என்றான் சென்னியப்பன்.

இந்த ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே செவலை ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. நாச்சிமுத்து பாய்ந்து, தன் தோளை அதன் விலாவில் கொடுத்து முட்டுக்கொடுத்தான். அந்தக் கனத்துக்குக் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது.

"அது என்ற எடம், நாச்சிமுத்தண்ணா" என்றான் அங்கமுத்து தராசிலிருந்தபடி.

"மாடு சாஞ்சா காலு மடங்கிப் போயிரும்டா. நான் காலைத்தான் காப்பாத்திட்டு இருக்கேன்."

காரணம் ஒத்துக்கொள்ளப்பட்டது. அவன் அப்படியே நின்றான். காதை அதன் உடம்போடு வைத்திருந்ததால் உள்ளே மூச்சு போய் வருவது கேட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் இடையே நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதெல்லாம் நாச்சிமுத்துவும் மூச்சை நிறுத்திக்கொண்டான். பாவாயி இல்லாத வீடும், அவன் கையால் ஆக்கின சோறும் மாறி மாறிக் கண்ணில் தெரிந்தன. அழுகை வந்தது. அழுதால் கண்ணீர் வாய்க்குள் போய்விடும் என்று அடக்கிக்கொண்டான்.

கடைசியில் இரண்டு பக்கமும் சமமான மூட்டைகள் வந்து சேர்ந்தன. ஒன்று மூட்டை, இன்னொன்று பாதி மூட்டையின் மேல் கோவணத்தோடு அங்கமுத்து. ஆனால் நாச்சிமுத்து தோளை எடுத்தால் மூட்டையும் அங்கமுத்துவும் சேர்ந்து சரிந்தன. அதனால் அவனும் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று.

அடுத்தது போர்வை. அவரவர் பங்கை அவரவர்தான் போர்த்த வேண்டும். ராக்கியப்பன் வீட்டுக்கு ஓடித் தன் மங்கி குல்லாவை எடுத்து வந்து செவலையின் தலையில் மாட்டி, காதை உள்ளே தள்ளி, முகவாய்க்குக் கீழே பொத்தான் போட்டான். சென்னியப்பன் பின்பக்கத்துக்கு வாழைத்தார் மூடுகிற சாக்கைப் போட்டான். நாச்சிமுத்து நின்ற இடத்திலேயே முழுக்கைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான், அதை முன்னங்கால்களில் கைகளாக மாட்டினார்கள். வயிற்றுக்குத்தான் துணி கிடைக்கவில்லை.

"கனமான துணின்னு சொன்னாங்க" என்றான் அங்கமுத்து. "அண்ணா, உங்க ஊட்டுலயே கனமான துணி எது?"

உத்தரவுக்கு உண்மையான பதிலைச் சொல்லியாக வேண்டும். "பாவாயியோட கூறைச்சேலை" என்றான் நாச்சிமுத்து. "பொட்டில அடில இருக்குது."

அரக்குப் பட்டு, கைப்பிடி அகலத்துக்குச் சரிகை. செவலையின் வயிற்றுக்கு அது எடுப்பாகவே இருந்தது.

கடைசி வேலை தெர்மாமீட்டர். சென்னியப்பன் அதை வைத்து எடுத்து வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "தொண்ணூத்தியேழு."

"நூத்தியொண்ணு வரோணும்னாங்க" என்றான் ராக்கியப்பன்.

"வர வெச்சுட்டாப் போச்சு."

சென்னியப்பன் வெந்நீர் வைத்துத் தெர்மாமீட்டரை அதில் முக்கினான். நூற்றியேழு காட்டியது. அது அதிகம் என்று பயந்து, பச்சைத் தண்ணீரில் கழுவி உதறினான். மறுபடி குறைந்தது. மறுபடி வெந்நீர். இப்படி மாட்டுக்குச் செய்ய வேண்டிய பணிவிடை எல்லாவற்றையும் தெர்மாமீட்டருக்குச் செய்து, கடைசியில் நூற்றியொன்றுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். அதைத் துண்டில் பதமாகச் சுற்றி வைத்துவிட்டு வந்து நின்றபோது அவன் முகத்தில் ஒரு உயிரைக் காப்பாற்றிய களை இருந்தது.

டாக்டரம்மாவின் வண்டி வந்து நின்றபோது செவலை மூக்கால் முனகிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா இறங்கினார். கூரை இல்லாத கொட்டகையைப் பார்த்தார். மங்கி குல்லா, பட்டுச்சேலை, சட்டைக் கை, கோவணம் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்துவிட்டு, கேட்டால் பதில் சொல்வார்கள் என்று பயந்தவர் போலப் பேசாமல் பெட்டியைத் திறந்தார்.

"நாலு பேரும் ஏன்யா நாக்குத் தள்ளி நிக்கறீங்க? தண்ணி குடிங்க முதல்ல."

"உத்தரவு வந்துருச்சு" என்றான் ராக்கியப்பன். மூவர் வாளியில் விழுந்தார்கள். நாச்சிமுத்து மட்டும் தோளை எடுக்கவில்லை.

கால்சியம் பாட்டிலை வெதுவெதுப்பாக்கி, குழாய் மாட்டிக்கொண்டு டாக்டரம்மா சொன்னார்: "கழுத்து நரம்புல மெதுவா ஏத்தணும். அசையக் கூடாது. கழுத்தை இறுக்கிப் பிடிங்க."

ஒருவரும் அசையவில்லை.

"ராக்கியப்பன், பிடிங்க."

"என்ற எல்லை தாடையோட முடிஞ்சுருதுங்க."

"அங்கமுத்து?"

"என்றது நெஞ்சுக்கு அந்தண்டைதானுங்க ஆரம்பிக்குது."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாட்டுக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிய வந்தது. கொம்பிலிருந்து வால் வரை திரும்பத் திரும்பச் சரிபார்த்தவர்கள் அத்தனை நீளக் கழுத்தை விட்டிருந்தார்கள்.

சென்னியப்பன்தான் முதலில் தெளிந்தான். "அப்ப அது புறம்போக்குங்க. புறம்போக்குன்னா கவர்மெண்டுக்குச் சேரும். நீங்க கவர்மெண்டு டாக்டரு. உங்க எடத்தை நீங்களே புடிச்சுக்கலாமுங்க."

டாக்டரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் ஊசி. கீழே செவலையின் கண் முழுவதும் மூடப் போகிற நிலையில் இருந்தது.

"சரி, கவர்மெண்டு உத்தரவு போடுது" என்றார். "நாச்சிமுத்து, நீங்க பிடிங்க."

அதற்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தவன் போல நாச்சிமுத்து இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டான். தோளும் விலாவை விடவில்லை. உடம்பை முறுக்கி, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்துப் பிடித்தான். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது.

பாட்டில் பாதி தீர்ந்தபோது செவலையின் உடம்பில் ஒரு நடுக்கம் ஓடியது. பெரிதாக ஒரு ஏப்பம் விட்டது. சாணி போட்டது. முக்கால் பாட்டிலுக்குக் காது அசைந்தது, குல்லாவுக்குள்ளேயே. மருந்து தீர்ந்து ஊசியை எடுத்த கொஞ்ச நேரத்தில், பின்னங்காலை ஊன்றி, அங்கமுத்துவைக் கவிழ்த்துவிட்டு, எழுந்து நின்றது. கன்று வந்து மடியில் முட்டியது.

நாச்சிமுத்து ஓவென்று அழுதான். இப்போது கண்ணீர் வாய்க்குள் போனாலும் பரவாயில்லை.

டாக்டரம்மா கிளம்பும்போது சொன்னார்: "இந்தக் காய்ச்சல் திரும்பவும் வரும். எது படுத்து எந்திரிக்காமப் போனாலும், தலை விலாப் பக்கம் திரும்பினாலும், உடனே எனக்குப் போன் பண்ணுங்க. ஆராய்ச்சி பண்ணிட்டு நிக்காதீங்க. என்ன?"

"உடனே பண்ணிர்றமுங்க" என்றார்கள் நால்வரும்.

அவர் வண்டி தெருமுனை திரும்பவும், பஸ்ஸிலிருந்து பாவாயி இறங்கி வரவும் சரியாக இருந்தது. மனசு கேட்காமல் சீர்ப்பந்தியில் கூட உட்காராமல் கிளம்பி வந்தவள். வாசலுக்கு வருவதற்குள்ளேயே எல்லாம் தெரிந்துவிட்டது. நடுவில் கொட்டகை இல்லாததால் மறைக்க ஒன்றுமில்லை.

செவலை கூறைச்சேலை கட்டி, குல்லா போட்டு, முழுக்கைச் சட்டையோடு நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

"செவலைக்கு என்ன ஆச்சு?" என்றாள் பாவாயி. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தலை நல்லா இருக்குது அம்மணி" என்றான் ராக்கியப்பன்.

"வயிறு நல்லா இருக்குதுங்க அக்கா" என்றான் அங்கமுத்து, ஒரு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு.

"பின்னால ஒரு கொறையுமில்லை" என்றான் சென்னியப்பன். "நூத்தியொண்ணு."

பாவாயி மூவரையும் விட்டுவிட்டுத் தன் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க நாச்சிமுத்துவுக்குத் தெம்பில்லை. வெடுக்கென்று முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினான். காலையிலிருந்து முட்டுக்கொடுத்த கழுத்து. உள்ளே கடக்கென்று ஒரு சத்தம். திரும்பின தலை திரும்பினபடியே நின்றுவிட்டது. "ஐயோ" என்று சொல்லிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். எழ முயன்றான், முடியவில்லை.

அங்கமுத்து உருவிவிடலாம் என்று கையை நீட்டினான். ராக்கியப்பன் அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தான். "கழுத்து கவர்மெண்டு எடம்டா. கை வெச்சா நாளைக்குக் கேஸாயிரும்."

செவலையின் தலையிலிருந்த குல்லாவைக் கழற்றி நாச்சிமுத்துவுக்கு மாட்டினார்கள். இரண்டு பக்கமும் மூட்டையை அண்டக் கொடுத்தார்கள், தராசில் ஏற்கனவே நிறுத்ததால் இந்தத் தடவை தாமதமில்லை. ராக்கியப்பன் அவன் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆராய்ச்சி எதுவும் பண்ணாமல் உடனே போன் போட்டான். கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னான்.

"டாக்டரம்மா, தலை வெலாப் பக்கம் திரும்பிருச்சுங்க. உக்கார்ந்தது எந்திரிக்கலை. காது சில்லுன்னு இருக்குதுங்க."

"அதுக்குள்ளயா? செவலையா?"

"செவலை நல்லா நிக்குதுங்க. இது வேறைங்க."

"அந்த வீட்டுல இன்னொண்ணு இருக்கா? சரி, வண்டியைத் திருப்பறேன். இது எப்பக் கன்னு போட்டுச்சு?"

"விசாரிச்சுச் சொல்றனுங்க." ராக்கியப்பன் போனைப் பொத்திக்கொண்டு சென்னியப்பனைப் பார்த்தான். சென்னியப்பன் தான் கண்ணால் பார்க்கவில்லை என்று தலையாட்டினான். வேறு வழியில்லாமல், வீட்டுக்காரி ஆயிற்றே, அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று பாவாயியிடம் திரும்பினான்.

"ஏனம்மணி, மாப்ளை எப்பக் கன்னு போட்டாப்ல?"

அவளிடம் ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் போனது அன்றைக்குத்தான். மூட்டைகளுக்கு நடுவிலிருந்து, குல்லாவுக்குள்ளிருந்து, எங்கோ பார்த்துக்கொண்டு நாச்சிமுத்து பொறுப்பாகப் பதில் சொன்னான்.

"நான் பார்த்த வரைக்கும் காலு எதுவும் வெளிய வரலைங்க மாமா."